சிமிர்னாவின் சீரகமும் தெசலோனிக்கியின் சட்டியும்

கபானி சந்தையின் கறிக்கடைச் சந்தில் காலை நேரத்தில் நிற்க இடம் கிடைப்பதில்லை. கொக்கிகளில் ஆட்டுத்தொடைகள் தொங்க, கடைக்காரர்கள் போவோர் வருவோரை உரக்கக் கூவி அழைக்கிறார்கள். தெசலோனிக்கி நகரத்தின் பழைய சந்தை இது. பவுல் அப்போஸ்தலர் நிருபம் எழுதி அனுப்பினாரே, அதே தெசலோனிக்கேதான். இன்று கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரம்.

என்னை அங்கே அழைத்துப்போனவர், நான் தங்கியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கும் பாட்டி. கட்டடத்தில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் 'யாயா'. நானும் அப்படியே கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி கூடவே வந்து, பாட்டி பேசுவதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். கறியுருண்டையும் பாஸ்தாவும் ஒரே சட்டியில் வேகும் இரவுச் சாப்பாட்டை எப்படிச் செய்கிறார் என்று கேட்டிருந்தேன். "சமையலறையில் தொடங்காது, கறிக்கடையில் தொடங்கும், வா" என்று கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் முன்கூட்டி அரைத்து வைத்த கொத்துக்கறியைக் கிரேக்கத்தில் பலர் மதிப்பதில்லை. துண்டைக் காட்ட வேண்டும், வாங்குபவர் கண்ணெதிரே அரைக்க வேண்டும். யாயா மாட்டின் கழுத்துக்கறியைக் கை நீட்டிக் காட்டினார். கொழுப்பை வெட்டியெறியப் போன கடைக்காரரின் கையைத் தடுத்தார். அரை கிலோ, கொழுப்போடு, ஒரே ஒரு முறை அரைத்தால் போதும். இரண்டு முறை அரைத்தால் கறி பசையாகி, உருண்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்றார். அந்தக் கொழுப்பு எதற்கு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

அடுத்த கடையில் சீரகம். ஏற்கெனவே பொடித்ததை விட்டுவிட்டு முழுச் சீரகத்தை அள்ளி மோந்து பார்த்து வாங்கினார். கிரேக்கச் சமையல் என்றால் எலுமிச்சை, ஆரிகானோ, ஃபெட்டா, ஆலிவ் என்றே வெளியூர்க்காரர்கள் நினைக்கிறோம். உணவகப் பட்டியல்களில் 'கிரேக்க பாணி' என்று எழுதியிருந்தால் இந்த நான்கில் குறைந்தது மூன்று தட்டில் இருக்கும். யாயாவின் பைக்குள் அவற்றில் ஒன்றுகூட அன்று போகவில்லை. சீரகம், பூண்டு, பட்டை, தக்காளி. அவ்வளவுதான்.

அவருடைய வீடு கலமாரியாவில், கடற்கரையோரப் புறநகரில் இருக்கிறது. அந்தப் பகுதி எப்படி உருவானது என்பதைச் சொல்லாமல் இந்தச் சட்டியைப் பற்றி எழுத முடியாது. 1922 செப்டம்பரில் சின்ன ஆசியாவின் மேற்குக் கரையில் இருந்த சிமிர்னா நகரம் எரிந்தது. பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளில் ஒன்றாக வருகிற அதே சிமிர்னா. இன்று துருக்கியின் இஸ்மிர். கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் துறைமுகச் சுவரோரம் கூட்டம் கூட்டமாகக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். 1923 ஜனவரியில் லொசானில் கையெழுத்தான ஒப்பந்தம் கிரேக்கமும் துருக்கியும் தங்கள் மக்களைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ள வழிசெய்தது. ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போனார்கள். அன்றைய கிரேக்கத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 50 லட்சம்தான். கலமாரியா அந்த அகதிகளால் எழுந்த ஊர். யாயாவின் தாய் சிமிர்னாவிலிருந்து கப்பலேறியபோது சிறுமி.

வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. 'துருக்கி வித்து' என்ற வசைச்சொல் தெருவில் புழங்கியது. சமையலிலும் அதே காலம் எதிர்த்திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நிகோலாஸ் செலெமென்டெஸ் என்ற சமையல்காரரின் நூல் வீட்டுக்கு வீடு நுழைந்து, அவர் பெயரே 'சமையல் புத்தகம்' என்பதற்கு மறுசொல் ஆகிவிட்டது. பிரெஞ்சுச் சமையலை உயர்த்திப் பிடித்தவர் அவர். கீழைநாட்டு மசாலாக்களைக் கிரேக்கச் சமையலில் படிந்த கறையாகக் கருதியவர். அந்தச் சூழலில்தான் அகதிப் பெண்கள் சீரகமும் பூண்டும் போட்ட நீளுருண்டைகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இன்று அதே 'சுட்சுக்காக்கியா' கிரேக்கத்தின் எந்த ஊர்ச் சிற்றுண்டிச்சாலையிலும் கிடைக்கிறது, பெயருக்குப் பின்னால் 'சிமிர்னாவினுடையது' என்ற ஒட்டோடு.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

முதல் நாள் ரொட்டி 100 கிராம், ஓரம் நீக்கியது, ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதன்மேல் சிவப்பு ஒயின் கால் கப் ஊற்றினார். ரொட்டி குடித்து முடிக்கும்வரை சீரகத்தை வெறும் சட்டியில் மணம் எழும் அளவுக்கு மட்டும் வறுத்து, கல்லுரலில் இடித்தார். அந்த வாசனை எழுந்ததும் என் ஊர் அடுக்களை நினைவுக்கு வராமல் இருக்குமா! மிளகோடு சேர்ந்து ரசத்துக்குப் போக வேண்டிய சீரகம், இங்கே ஒயின் குடித்த ரொட்டியோடு கறிக்குள் போகிறது. ஒன்றரைத் தேக்கரண்டி. மூன்று பல் பூண்டு நசுக்கியது, ஒரு முட்டை, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள். ஒயின் சேர்க்காத வீடுகளில் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் கலந்து ரொட்டியை ஊறவைப்பார்களாம். ஆட்டுக் கொத்துக்கறியிலும் செய்யலாம் என்றார்.

வெங்காயம் போடவில்லையே என்று கேட்டேன். யாயாவின் முகம் இறுகியது. "கெஃப்தேதேஸ் என்கிற சாதாரணக் கறியுருண்டைக்குத்தான் வெங்காயம். இது சுட்சுக்காக்கியா." பேத்தி என் காதருகே, எதிர்வீட்டுக்காரர்கள் துருவிய வெங்காயம் போடுவார்கள், அதைப் பற்றி இவரிடம் பேசிவிடாதீர்கள் என்றாள்.

பிசைவதை நிதானமாகப் பார்த்தேன், ஏனென்றால் உருண்டையின் தலைவிதி அங்கேதான் முடிவாகிறது. நம் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு கறியை இறுக்கிப் பிடிக்கிறது. இங்கே ரொட்டி செய்வது அதற்கு நேர்மாறான வேலை. ஈரம் குடித்த ரொட்டி கறியின் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து, சூடு பட்டதும் அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கிறது. அதனால் சாறு உள்ளேயே நிற்கிறது. உப்போ கறிப்புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. கை ஒட்டத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். யாயா இரண்டு மூன்று நிமிடம்தான் பிசைந்தார். பிறகு கிண்ணத்தை மூடி அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தார். குளிர்ந்த கலவை வடிவம் பிடிக்கும், எண்ணெயில் உடையாது.

கையை ஈரமாக்கிக்கொண்டு உருட்டத் தொடங்கினோம். ஒவ்வொன்றும் சுமார் 40 கிராம், விரல் நீளம், நடுவில் பருத்து முனைகள் குறுகியது. மொத்தம் 18 வந்தன. நீளுருண்டையாகப் பிடிப்பதில் ஒரு வசதி உண்டு: பந்து வடிவத்தைவிட இதில் கூடுதல் பரப்பு சட்டியைத் தொடுகிறது, அதாவது கூடுதல் பரப்பு சிவக்கிறது.

சட்டி 28 சென்டிமீட்டர் அகலம், நான்கு விரற்கடை ஆழம், அடி கனம், இறுக்கமான மூடி. ஆலிவ் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. எண்ணெய் சூடேறி நெளியத் தொடங்கியதும் பாதி உருண்டைகளை மட்டும் இறக்கினார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நெருக்கிப் போட்டால் அவற்றிலிருந்து வெளியேறும் நீர் ஆவியாகப் போக இடமில்லாமல், கறி வறுபடுவதற்குப் பதில் வெந்துபோகும். ஒரு பக்கம் சிவந்து தானாகவே சட்டியை விட்டு விலகும்வரை அவர் தொடவே இல்லை. அது விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். எல்லாப் பக்கமும் நிறம் ஏறியதும் ஒரு தட்டில் எடுத்து வைத்தார். உள்ளே இன்னும் வேகவில்லை. வேக வேண்டியதும் இல்லை.

இப்போது சட்டியைப் பார்த்தேன். கறிக்கொழுப்பு உருகி எண்ணெயோடு கலந்திருந்தது. அடியில் பழுப்பாகத் திட்டுத்திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. பல வீடுகளில் இந்த இடத்தில் சட்டி கழுவும் தொட்டிக்குப் போய்விடும், இல்லாவிட்டால் எண்ணெய் கொட்டப்படும். ஒரே சட்டிச் சமையல் என்றால் பாத்திரம் கழுவும் வேலை மிச்சம் என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. வேலை மிச்சமாவது உண்மைதான், ஆனால் அதற்காக இந்தச் சாப்பாட்டைச் செய்ய வேண்டியதில்லை. ஒன்று விட்டுப்போனதை அடுத்தது வந்து எடுத்துக்கொள்கிறது, அதற்காகத்தான் ஒரே சட்டி. கறிக்கடையில் காப்பாற்றிய கொழுப்பு இங்கே பாஸ்தாவுக்குக் காத்திருக்கிறது.

பொடியாக அரிந்த வெங்காயம் ஒன்று அந்தக் கொழுப்பில் விழுந்தது. குழம்புக்கு வெங்காயம் உண்டு, உருண்டைக்குத்தான் கிடையாது. அது கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, ஒரு நிமிடம் வறுபட்டுக் கருஞ்சிவப்பாகும்வரை. பிறகு அரைக் கப் ஒயின். சுர்ரென்று ஆவி எழ, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டினார்; பழுப்புத் திட்டுகள் எல்லாம் கரைந்து குழம்புக்குள் போயின. துருவிய தக்காளி 400 கிராம், ஒரு துண்டுப் பட்டை, ஒரு பிரிஞ்சி இலை, தக்காளியின் புளிப்பைத் தணிக்கச் சிட்டிகை சர்க்கரை. பத்து நிமிடம் சுண்டவிட்டார்.

அடுத்தது 'கிரிதராக்கி'. பார்லி மணி வடிவத்தில், அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் பாஸ்தா. வெளிநாட்டுக் கடைப்பொட்டலங்களில் ஓர்ஸோ என்று வரும். 250 கிராமைக் குழம்பில் கொட்டி, ஒவ்வொரு மணியிலும் எண்ணெய் படும்படி கிளறினார். அதன்மேல் முக்கால் லிட்டர் கொதிநீர். கொதிநீர் என்பதில் பிடிவாதமாக இருந்தார்; பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, அது மறுபடி எழுவதற்குள் மணிகள் அடியில் படிந்து கட்டியாகிவிடும். உப்பு பார்த்து, உருண்டைகளைத் தட்டில் ஊறியிருந்த சாற்றோடு சேர்த்து மேலே அடுக்கி, மூடி, தீயைக் குறைத்தார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பழைய சமையல்களை யாயா ஒன்றாக்கியிருக்கிறார். சுட்சுக்காக்கியாவை வழக்கமாகச் சோற்றோடோ உருளைக்கிழங்கோடோதான் பரிமாறுவார்கள். கிரிதராக்கியைக் கறித்துண்டுகளோடு தக்காளிச் சாற்றில் வேகவைப்பது 'யுவேட்சி' என்ற தனிச் சமையல். அது மண்சட்டியில் அடுமனைச் சூட்டில் வேகும். யாயா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் பல வீடுகளில் அடுமனை அடுப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டியைத் துணியால் மூடித் தெருமுனை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோவார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் தெருவின் சாப்பாடு முழுவதும் வேகும். கோயில் பூசை முடிந்து திரும்பும் வழியில் அவரவர் சட்டியை எடுத்துக்கொண்டு வீடு வருவார்கள். சட்டியைச் சுமந்து வருவது யாயாவின் வேலை. மூடியைத் திறந்து விரலால் சாறு தொட்டு நக்கியபடி வந்ததை, எழுபது வயதைத் தாண்டிய அந்த முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பேச்சுக்கு நடுவே இரண்டு முறை மூடியைத் திறந்து, கரண்டியை உருண்டைகளுக்கிடையே செலுத்தி அடியை மட்டும் கிளறினார். இந்தக் கிளறலைத் தவறவிட்டால் அடிப்பிடிக்கும். பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து வடித்தால் அதன் மாச்சத்து தண்ணீரோடு வெளியே போய்விடும். இங்கே அத்தனையும் சட்டிக்குள்ளேயே தங்கி, கொழுப்பையும் தக்காளிச்சாற்றையும் பிரியவிடாமல் ஒன்றாகக் கட்டுகிறது. அதனால்தான் வெண்ணெயோ பாலாடையோ சேர்க்காமலே குழம்பு வழவழப்பாக இருக்கிறது.

பன்னிரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்தார். எட்டிப் பார்த்தால் குழம்பு இன்னும் தண்ணீராகத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டுமே என்றேன். "அணைத்த பிறகும் அது குடிக்கும்" என்று மூடியைத் திரும்பப் போட்டார். பத்து நிமிடம் கழித்துத் திறந்தபோது மணிகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல், சாற்றில் தளர்ந்து கிடந்தன. இந்தப் பத்து நிமிடப் பொறுமைதான் இந்தச் சமையலில் மிகவும் கடினமான பகுதி என்பேன். அடுப்பிலேயே கெட்டியாகும்வரை விட்டிருந்தால் தட்டுக்கு வரும்போது களியாகியிருக்கும்.

கெஃபலோதீரி என்ற கடினமான உப்புப் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவினார். ஃபெட்டா மேசையில் இருந்தது, தனித் தட்டில். வேண்டியவர் கடித்துக்கொள்ளலாம், சட்டிக்குள் போகாது. முட்கரண்டியால் உருண்டையை அழுத்தினேன். எதிர்ப்பின்றிப் பிளந்து, உள்ளிருந்து சாறு வழிந்தது. முதலில் பட்டையின் மெல்லிய இனிப்பு, அப்புறம் பூண்டு, கடைசியில் நாக்கின் பின்பக்கத்தில் நின்றுகொண்டது சீரகம். பாஸ்தா மணி ஒவ்வொன்றிலும் கறியின் ருசி ஏறியிருந்தது. நான்கு பேர் வயிறாரச் சாப்பிட்டோம். பேத்தி ரொட்டித் துண்டால் சட்டியின் அடியை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். விருந்தாளி முன்னால் அப்படிச் செய்யலாமா என்று அவளை அதட்டிவிட்டு, யாயாவும் ஒரு துண்டு ரொட்டியை எடுத்தார்.

மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று எழுதிக்கொள்ளக் கேட்டேன். மறுநாள் கிரிதராக்கி சாறு முழுவதையும் குடித்து இறுகிப்போயிருக்கும். அப்படியே சூடாக்கக் கூடாது. கால் கப் வெந்நீர் தெளித்து, மூடி, சிறுதீயில் வைத்தால் தளர்ந்து கொடுக்கும். உப்பை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உருண்டைகள் இரண்டாம் நாளில்தான் இன்னும் நன்றாக இருக்கும் என்பது அவர் தாயின் கட்சியாம்.