ஏலகிரிக் கடுக்காயும் பாலாற்றங்கரைத் தோலும்

பொன்னேரியில் திரும்பி 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏலகிரி. அத்தனாவூர், நிலாவூர் என்று சிறு சிறு ஊர்கள், மலையாளி பழங்குடி மக்களின் நிலங்கள். சுற்றுலா வருகிறவர்கள் புங்கனூர் ஏரியில் படகு விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உழவர்கள் போனால் கடுக்காய் மரத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன் என்று இந்த மலைத்தொடரின் இலையுதிர் காடுகளுக்குரிய மரம் அது. கீழே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகிலும் தோல் பதனிடும் தொழில். மேலே உள்ள காய்க்கும் கீழே உள்ள தோலுக்கும் நெடுநாள் உறவு உண்டு.

காய்ந்த கடுக்காயில் ஒரு சில்லை மென்று பாருங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். உமிழ்நீரில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. ஆட்டுத்தோலிலும் இதே வேலைதான் நடக்கிறது. தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தோடு டானின் இறுகப் பிணைந்துவிட்டால், அழுக வைக்கும் நுண்ணுயிர்களால் அதை எளிதில் தின்ன முடியாது. ஆவாரம் பட்டையில் ஊற வைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் முடிப்பது நம் நாட்டுப் பழைய முறை.

கடுக்காய்ச் சதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். கொட்டையில் மிகக் குறைவு. அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் கண்ட செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம் இரண்டும், டெர்மினாலியா செபுலா என்ற கடுக்காயின் தாவரப் பெயரிலிருந்தே பெயர் பெற்றவை.

பட்டையில் பல வாரம் ஆகும் வேலையைக் குரோமிய உப்பு ஓரிரு நாளில் முடித்தது. அதனால் தொழில் அந்தப் பக்கம் சாய்ந்தது. பாலாறு பட்ட பாடு நாம் அறிந்ததே. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானது என்ற கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. கடுக்காய்க்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பச்சைத்தோல் கெடாதிருக்கப் போடும் உப்பு எந்த முறையிலும் கழிவில் வரும். பட்டைக் கழிவையும் சுத்திகரித்தே ஆக வேண்டும். ஆனால் குரோமியம் இல்லாத தோலுக்கு வாங்குவோர் இருக்கும்வரை கடுக்காய்க்கும் வேலை இருக்கும்.

காய் சேகரிப்பவர் கவனிக்க வேண்டியது பூஞ்சணம். டானின் கரைசலில் வளரும் பூஞ்சைகள் அதை உடைத்துக் காலிக் அமிலமாக்குவதை 1867-லேயே வான் டீகெம் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். ஆய்வகத்தில் இது பயனுள்ள வேலை. காலிக் அமிலத்திலிருந்து டிரைமெத்தோபிரிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வரை செய்கிறார்கள். உங்கள் சாக்குமூட்டைக்குள் நடந்தால் நட்டம். காய் கறுத்துத் துவர்ப்பு குறையும், விலையும் குறையும்.

ஆகவே, விழுந்த காயை மண்ணில் கிடக்க விடாமல் அன்றன்றே பொறுக்குங்கள். பாயிலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பிக் கிளறி உலர்த்துங்கள். இரும்புத் தகட்டில் வேண்டாம். டானின் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுக்கும். கைக்குக் கல் போலக் கெட்டியான பிறகே மூட்டை கட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த காயைத் தனியே ஒதுக்குங்கள். காய்க்காகக் கிளையை வெட்டினால் அடுத்த ஆண்டு காய் இருக்காது.

சிறு வன விளைபொருளைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழும் மக்களுக்கு அளித்திருக்கிறது. கிராம சபையில் பதிந்து, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தரம் பிரித்து மொத்தமாக விற்றால், எடை மட்டுமல்லாமல் தரத்தையும் காட்டி விலை பேசலாம். உங்கள் ஊரில் கடுக்காய் எந்த மாதம் விழுகிறது, என்ன விலை போகிறது என்று எழுதுங்கள். கேள்வி பதில் பகுதியில் பேசுவோம்.