பாறையில் விழும் மழை எங்கே போகிறது?

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. தொலைவில் சித்தன்னவாசல். வழியெல்லாம் செம்மண், தைலமரம். நடுவே மொட்டைப் பாறை நீளமாகக் கிடக்கிறது. காலை பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது; பிறகு கால் வைக்க முடியாது.

மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் வழவழப்பான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. கீழே அறிவர் கோயில் விதானத்தில் 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். வரைந்திருப்பது தாமரைக் குளம்: மீன், அன்னம், யானை, தண்ணீரில் நிற்கும் எருமை. வறண்ட பாறைக்குள் ஒரு குளம்!

அங்கிருந்து திருச்சி சாலைக்கு வந்து பிரிந்தால் நார்த்தாமலை. மேலமலைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் நிற்கிறது. சாத்தன் பூதி கட்டிய இக்கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பாறையில் மழை இறங்கும் வேகம் அப்படி. ஏறும் வழியிலுள்ள சுனை அந்த மழையில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

மீதி எங்கே போகிறது? ஒரு ஏக்கர் பாறையில் 25 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. வயல் என்றால் மண் குடித்துவிடும். பாறை குடிக்காது, பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இந்த மாவட்டத்தில் முன்னோர் குன்றடியில் கண்மாய் வெட்டி, குமிழி வைத்து நெல் விளைவித்தது இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

இன்றும் பாறை தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர்தான் கண்மாய்க்கு வந்து சேர்வதில்லை. குவாரி பலருக்குச் சோறு போடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கல் கழிவும் லாரிப் பாதையும் மனைப்பிரிவும் வரத்து வாரியை அடைத்தால், கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும் அது வெறும் பள்ளம்தான். புல வரைபடத்தில் இருக்கும் வாரியைச் சில ஊர்களில் தரையில் தேட வேண்டியிருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன், ஆவணியிலேயே, பாசனக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து குன்றடியிலிருந்து கண்மாய் வரை வாரியோடு நடந்து பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் வரைபடத்தையும் ஒத்துப்பார்த்து, அடைபட்ட இடத்தைப் புல எண்ணோடு எழுதி, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.