குள்ளர் படை

1913-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் ஆட்டத்துக்கு விதி வகுத்து, 'லிட்டில் வார்ஸ்' என்றொரு நூல் எழுதினார். மெய்ப்போரைவிட இப்பொய்ப்போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது! அவ்வாட்டத்தின் வழியில் வந்ததே 1983-இல் இங்கிலாந்தில் வெளியான 'வார்ஹாமர்'. பூதங்களும் குள்ளர்களும் மேசைமேல் மோதும் கற்பனைப் போர் அது.

இலண்டனில் என் பேரனும் நானும் இரண்டு குளிர்காலங்களாக ஒரு குள்ளர் படைக்கு வர்ணம் தீட்டினோம். அறுபது வீரர்கள், ஒவ்வொருவரும் கட்டைவிரலில் பாதி உயரம். முதலில் கறுப்புப் பூச்சு, அதன்மேல் அடிவர்ணம். நீர்த்த பழுப்புச் சாயத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டால் நிழல் விழும். பின்னர், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடினால் தாடியின் ஒவ்வொரு இழையும் ஒளி பெறும். பின்வரிசை வீரனின் முகத்தை எவர் பார்க்கப் போகிறார்? அதையும் தீட்டினோம்.

அவனுக்குத் தமிழ் தடுமாறும், எனக்கு ஆங்கிலம். அந்த மேசையருகே மட்டும் எங்களுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. ஆகவே, வீரர்கள் குறையக் குறைய என் கை மெதுவாயிற்று. என் கண்ணிலோ புரை வளர்ந்துகொண்டிருந்தது. அவனும் பல்கலைக்கழகம் செல்லும் நாள் நெருங்கியது.

புறப்படுவதற்கு முந்திய மாலை படை களம் இறங்கியது. மூன்று மாலைகள் செலவிட்டு நான் தீட்டிய செந்தாடிக்காரன், முதற்பகடையிலேயே வீழ்ந்தான். பேரன் சிரித்தான். நான் வீரனை எடுத்து, மூக்கில் வர்ணம் உதிர்ந்துள்ளதா என்று பார்த்தேன். உதிரவில்லை.