காங்கேயம் ஹிட்ஸ்... சைடு ‘பி’!

காங்கேயம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காளை. கரெக்ட்! அடுத்து? தேங்காய் எண்ணெய், அரிசி மில், சிவன்மலை முருகன். எல்லாமே சரிதான் பாஸ். ஆனா, போன மாசம் நான் காங்கேயம் போனது இது எதுக்காகவும் இல்லை. ஒரு பழைய கேசட்டுக்காக!

‘அய்யோ, கேசட்டா?’ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இன்ஜினீயரிங் தேர்டு இயர் படிக்கிற எனக்கும் கேசட் என்றால் பென்சிலை விட்டுச் சுற்றுகிற ஐட்டம் என்ற அளவில்தான் தெரியும். திருப்பூரில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, பெரியப்பாவின் தகரப் பெட்டியில் அது கிடைத்தது. அறுபது நிமிட கேசட். அட்டையில் முத்து முத்தான கையெழுத்து. சைடு ‘ஏ’ - நினைத்தாலே இனிக்கும். சைடு ‘பி’ - இளையராஜா ஹிட்ஸ். விவரம் கேட்கப் பெரியப்பா இப்போது இல்லை. ஆனால், அவரோடு ஒன்றாகச் சுற்றிய நண்பர் காங்கேயத்தில் இருக்கிறார். அதுவும் ஓடுகிற டேப் ரெக்கார்டரோடு! விடுவேனா? கிளம்பிட்டேன். நீங்களும் வாங்க.

திருப்பூரில் பஸ் ஏறினால் ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்குங்க. நல்லூர் வரைக்கும் பனியன் கம்பெனிகள், நிட்டிங் யூனிட்கள், வேஸ்ட் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு போகும் மொபெட்கள். படியூர் தாண்டியதும் சீன் மாறும். கிளுவை வேலி, அதற்குள் கொறங்காடு. கொறங்காடுன்னா, உழாமல் கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, மாடு மேய்வதற்கென்றே வைத்திருக்கும் மானாவாரி நிலம். அங்கங்கே ஒரு வெள்வேல மரம். அதன் நிழலில் நம்ம காங்கேயம் மாடு. இந்த இனத்துக் கன்று பிறக்கும்போது செவலை நிறத்தில் இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிடும். ஃபர்ஸ்ட் இயரில் காலேஜுக்குள்ள வந்த நாமும், இப்போ இருக்கிற நாமும் மாதிரி!

டிரைவர் அண்ணன் பென் டிரைவில் ராஜா பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கேசட் போய், சி.டி. வந்து, அதுவும் போய்விட்டது. இந்த ரூட்டில் லிஸ்ட் மட்டும் மாறவே இல்லை.

வழியில் சிவன்மலை. அங்கே ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ ஒன்று இருக்கிறது. ஒரு பக்தரின் கனவில் முருகன் ஏதாவது ஒரு பொருளைச் சொன்னால், பூப்போட்டுக் கேட்டு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். மண், தண்ணீர் என்று எதுவாகவும் இருக்கலாம். அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மடியில் பெரியப்பாவின் கேசட்டை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபோது, இதுவும் யாரோ கண்ட கனவாக இருக்குமோ என்று தோன்றியது.

ஊருக்கு வெளியே, கொப்பரை காயும் களத்தை ஒட்டி மாமாவின் வீடு. “வா கண்ணு. அப்படியே உங்க பெரியப்பன் மூஞ்சி!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் போட்டு ரெடியாக வைத்திருந்தார். கேசட்டைப் போட்டோம்.

இங்கே ஒரு குட்டி ஃபிளாஷ்பேக். 1979-ல் பாலசந்தர் எடுத்த படம் ‘நினைத்தாலே இனிக்கும்’. கமலும் ரஜினியும் ஒரு பாப் இசைக்குழு. சிங்கப்பூருக்குப் போய்க் கச்சேரி பண்ணுவார்கள். இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன், பெரும்பாலான பாட்டுக்குக் குரல் எஸ்.பி.பி. எழுபதுகளின் பாப் குழு எதுன்னு தமிழ்நாட்டில் யாராவது கேட்டால், தாராளமா இதைச் சொல்லலாம். என்ன, அப்படியொரு குழுவே நிஜத்தில் கிடையாது! ஆனால் அதன் ஹிட்ஸ் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“அந்தப் படம் பாத்துட்டு வந்த ராத்திரியே நாங்க நாலு பேரும் ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சுட்டோம் கண்ணு. வாத்தியம் மட்டுந்தான் இல்லை” என்று சிரித்தார் மாமா. அப்புறம் ஒரு செகண்ட் ஹேண்ட் கிடார் வந்தது, பாங்கோஸ் வந்தது. நெல் காயப்போடும் களத்தில் ராத்திரி பிராக்டிஸ். பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகத்தான் இந்த கேசட். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாலு பேரும் விடிய விடியச் சண்டை போட்டார்களாம்!

சைடு ‘பி’ போட்டோம். அட்டையில் படத்தின் பெயரைப் போட்டு நம்பர் வாரியாக எழுதியிருந்தது. ஒன்று, 1976-ல் ராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’. அப்புறம் ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’, ‘முள்ளும் மலரும்’, ‘ப்ரியா’. ஆறாவது, 1979-ல் வந்த ‘புதிய வார்ப்புகள்’. ஏழாவதாக எழுதியிருந்ததுதான் எனக்குப் புரியவில்லை: ‘நம்ம பாட்டு’.

ஆறு பாட்டும் முடிந்தது. ஏழாவதுக்குக் காத்திருந்தோம். ‘ஸ்ஸ்ஸ்...’ என்ற இரைச்சல் மட்டும்தான். டேப் அழிஞ்சுடுச்சு போல என்று நினைத்தேன். மாமா தலையை ஆட்டினார்.

“அழியலை. அது நாங்களே பாட்டுப் போட்டுப் பதியறதுக்குன்னு விட்ட எடம். கடைக்காரர் ‘இன்னொரு பாட்டு புடிக்கும் தம்பி’ன்னாரு. உங்க பெரியப்பன்தான் காலியா விடச் சொல்லி அடம் புடிச்சான்.”

“அப்புறம் ஏன் மாமா பதியலை?”

“அவன் திருப்பூருக்கு கட்டிங் வேலைக்குப் போனான். நான் எண்ணெய் மில்லுக்கு. ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்தா கை தாளம் போடுமா? சனிக்கிழமை சம்பளம். ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் மிச்சம். அன்னைக்குத் தூங்கிருவோம். அப்படியே போயிருச்சு.”

வருத்தமா என்று கேட்டேன். “வருத்தமெல்லாம் இல்ல சாமி. புள்ளைங்கள நல்லா படிக்க வெச்சாச்சு. ஆனா, அந்த எடத்துல வேற பாட்டப் பதியறதுக்கு அவனுக்கு மனசு வரவேயில்லை.”

பட்டன் ‘டக்’கென்று எகிறும்வரை வாட்சைப் பார்த்தேன். சரியாக நாலு நிமிடம். கேசட் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் 11 மீட்டர் சொச்சம். பனியன் துணியைக் கிலோ கணக்கில் நிறுக்கிற ஊர்க்காரன் நான். பாடாத பாட்டை மீட்டர் கணக்கில் அளந்தது அன்றைக்குத்தான்.

“நீ ஏதாச்சும் வாசிப்பியா கண்ணு?” என்றார். கீபோர்டு என்றேன். காலேஜில் எங்களுக்கும் நாலு பேர் கொண்ட ஒரு பேண்ட் இருப்பதையும், பிளேஸ்மென்ட் டிரெயினிங் ஆரம்பித்துவிட்டதால் அதை மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவெடுத்திருப்பதையும் மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஈகிள்ஸ் ஞாபகம் வந்தது. அமெரிக்கக் குழு. ராஜா அறிமுகமான அதே 1976-ல், பிப்ரவரியில் அவர்களுடைய ஹிட்ஸ் தொகுப்பு வெளிவந்தது. நாலு ஆல்பங்களிலிருந்து பத்துப் பாட்டு. 2018-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கணக்கெடுத்தபோது, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தையே முந்தி முதலிடத்துக்குப் போனது இந்தத் தொகுப்பு. இதில் ஒரு வேடிக்கை பாருங்க. ஹாஸ்டலில் கிடார் கத்துக்கிற எல்லாரும் வாசிச்சுப் பார்க்கிற ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ அதில் கிடையாது! ஏன்னா, அந்த ஆல்பம் வந்ததே அதே வருஷம் டிசம்பரில்தான். ‘இவங்க பெஸ்ட் இவ்வளவுதான்’னு தொகுத்து விற்க ஆரம்பித்த பிறகுதான், அவர்களுடைய பெஸ்ட் பாட்டே வந்தது.

ஸோ, யாராவது உங்க ஹிட்ஸை லிஸ்ட் போட்டால் சந்தோஷப்படுங்க. ஆனால் கடைசியில் ஒரு நம்பரைக் காலியா விடுங்க. விட்டா மட்டும் போதாது என்பதைத்தான் பெரியப்பாவின் கேசட் எனக்குச் சொன்னது.

படியூர் வருவதற்குள் பேண்ட் குரூப்பில் மெசேஜ் போட்டேன்: “சனிக்கிழமை பிராக்டிஸ். புதுசா, நம்ம சொந்தப் பாட்டு.” ரெண்டு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். மூணாவது ஆள், “டேய், அன்னைக்கு ஆப்டிட்யூட் கிளாஸ்டா” என்றான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வெச்சுக்கலாம் என்று போட்டிருக்கிறேன். அன்னைக்குத் தூங்கிடக் கூடாது. அவ்வளவுதான்!