தாராவியின் சக்கரமும் ஆதி அலையும்

பிரபஞ்சம் பிறந்த கணத்தின் அதிர்வைத் தேடும் வேலைக்கும் மும்பைத் தமிழர் வட்டாரத்துக்கும் தூரம் அதிகமில்லை.

மாட்டுங்காவில் ஃபில்டர் காபி குடித்துவிட்டு ஸ்லோ லோக்கலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கல்யாண். அங்கேதான் 1965-ல் ஆறடி விட்டமுள்ள 32 தட்டுகளை வரிசையாக நிறுத்தி வானத்தைக் கேட்கத் தொடங்கினார் கோவிந்த் ஸ்வரூப். கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி. 1970-ல் ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி வந்தது. 90களில் புணே அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ராட்சதத் தட்டுகள்.

கோடத் தட்டுகள் கவனிப்பவற்றில் முக்கியமானவை பல்சர்கள்: மணி தவறாமல் துடிக்கும் இறந்த நட்சத்திரங்கள். மும்பைக்காரருக்கு இது எளிதில் புரியும். ஒரு லோக்கல் தாமதமானால் கோளாறு அந்த வண்டியில். எல்லா வண்டிகளும் ஓர் ஒழுங்கோடு முந்திப் பிந்தினால் கோளாறு தண்டவாளத்தில். 25 பல்சர்களை 25 ஆண்டுகள் கவனித்த ஐரோப்பிய - இந்தியக் குழு 2023 ஜூன் 29 அன்று சொன்னது இதைத்தான்: தண்டவாளமே, அதாவது வெளியே, நெளிவதற்கான தடயம் தெரிகிறது. ஈர்ப்பு அலைகளின் இடைவிடாத முனகல்.

முனகுவது யார்? ஒன்றையொன்று சுற்றும் மாபெரும் கருந்துளை ஜோடிகள் என்பது பலரது ஊகம். இன்னொரு சாத்தியமும் உண்டு. பிறந்து ஒரு நொடியின் கோடானுகோடியில் ஒரு பங்குக்குள் பிரபஞ்சம் அசுர வேகத்தில் ஊதிப் பெருத்தது என்கிறது 'வீக்கம்' கோட்பாடு. (வாடகை வீக்கம் மட்டுமே அறிந்த மும்பைக்கு இது புதுசு.) அப்போது எழுந்த அலைகள் இன்றும் அலைந்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி தாராவியில் கண்முன்னே சுழல்கிறது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் சந்துகளைத் தாண்டி 90 அடி சாலையோரம் குஜராத்திக் குயவர்களின் கும்பார்வாடா. சக்கரம் ஒரே பக்கம் சுற்ற, களிமண்ணும் அதே பக்கம் முறுக்கிக்கொண்டு எழுகிறது. சாதாரண வீக்கத்தில் இடமாகவும் வலமாகவும் முறுகும் அலைகள் சரிபாதி. ஆனால் அப்போது கேஜ் புலங்கள் (நாமறிந்த மின்காந்தப் புலம் இந்தக் குடும்பம்தான்) கிளறப்பட்டிருந்தால், சில கோட்பாடுகளின்படி ஒரு பக்க முறுக்கே மிஞ்சும். அலைகளும் வலுக்கும். அந்த முறுக்கு அகப்பட்டால் ஆதிகணத்தில் என்ன இருந்தது என்பதற்கே சாட்சி.

அவசரம் ஆகாது. 2014-ல் தென்துருவத் தொலைநோக்கிக் குழு ஒன்று ஆதி அலையின் சுவட்டைக் கண்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அது பால்வீதித் தூசியின் வேலை என்று தெரிந்தது.

செம்பூரை அடுத்த அணுசக்தி நகருக்கும் இதில் பங்குண்டு. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாயில் அனுமதித்த லைகோ-இந்தியா திட்டத்தில், அங்குள்ள அணுசக்தித் துறையின் கட்டுமான இயக்ககம் ஒரு கூட்டாளி. கருவிக்கு நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகள். ரயில் அதிர்வே அதற்கு எதிரி. இருபுறமும் ரயில் ஓடும் தாராவிப் பக்கம் நினைத்தும் பார்க்க முடியாது. இடம் ஹிங்கோலி மாவட்டத்தில்.

அமைதிக்கு விலை உண்டு. புணே - நாசிக் ரயில் பாதைக்கு முதலில் போட்ட வழி கோடத் தட்டுகளுக்கு அருகே போனது. ரேடியோ இரைச்சல் பாதிக்கும் என்று ஆட்சேபம் வர, வேறு வழி தேடினார்கள். தக்காளிச் சந்தைக்குப் பேர்போன நாராயண்காவ் வட்டாரத்துக்கு ரயில் வேண்டும். தட்டுகளுக்கு நிசப்தம் வேண்டும். தண்டவாள ஓரத்திலேயே வாழ்ந்து பழகிய தாராவிக்காரரிடம் கேட்டால் ரயில் பக்கம்தான் பேசுவார். 1,300 கோடி ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் அலையின் சார்பில் பேச விஞ்ஞானிகளை விட்டால் ஆளில்லை.