செல்லுப் பானை

காலை ஆறு மணிக்குப் பானையைப் புரட்டியதும் முதலில் தெரிந்தது ஈரமண்தான். உள்ளே திணித்திருந்த கோணித்துணியின் மேல் சேறு பூசினாற்போல ஒரு படலம். அந்த அம்மா விரல் நகத்தால் அதைக் கீறினார். உள்ளே அரிசி நொய்யைக் கொட்டிவைத்தது மாதிரி வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் நொய் முழுதும் நகர ஆரம்பித்தது.

“செல்லு நல்லா ஏறியிருக்கு” என்றார். வீட்டில் அவர்கள் யாரும் கரையான் என்று சொல்வதில்லை. பானையை முறத்தின் மேல் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டு தட்டினார். தாய்க்கோழி தொண்டைக்குள் ஒரு குரல் கொடுத்தது. மூங்கில் கூடைக்கு அடியிலிருந்து ஒன்பது குஞ்சுகளும் விழுந்தடித்து ஓடிவந்தன. நாலு நாள் குஞ்சு ஒன்று, பெரிய தலையும் கொடுக்கு வாயுமான சிப்பாய்க் கரையானைக் கவ்வி, கடி வாங்கி, தலையை உதறிக் கீழே போட்டது. அடுத்த நொடியே வாலிலிருந்து கொத்தி விழுங்கியது. அதற்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் திருவண்ணாமலைக்கு வந்தது வேறொரு புழுவைப் பார்க்க. ரமணாசிரமத்துக்கு எதிரே பிரியும் சந்து ஒன்றில், மாடி அறையில் ஓர் இளைஞர் கோழிகளுக்காக ‘மீல்வார்ம்’ வளர்க்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். அரோவானா மீனுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் வாங்கிப் போடுவார்களே, அதே மஞ்சள் புழுதான். அது உண்மையில் புழு அல்ல. ஒரு கருவண்டின் குழந்தைப் பருவம். தட்டில் விரலளவு உயரத்துக்குக் கோதுமைத் தவிடு, தண்ணீருக்குப் பதில் கேரட் துண்டு. வண்டு தவிட்டுக்குள் முட்டையிடும். முட்டை பொரிந்து, கோழிக்குப் போடும் அளவுக்குப் புழு வளரப் பத்துப் பன்னிரண்டு வாரமாகும். கூட்டுப்புழுவைப் பொறுக்கித் தனியே வைக்காவிட்டால் மற்றவை அதைக் கடித்துத் தின்றுவிடும். சலிப்பது, தட்டு மாற்றுவது, எறும்புக்கு அணை கட்டுவது என்று அவர் சொன்ன மற்ற வேலைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

முக்கியமான சிக்கல் வெயில். இந்தப் புழுவுக்கு 25 முதல் 28 டிகிரி சூடு சுகம். திருவண்ணாமலையின் சித்திரை 40 டிகிரியைத் தொடும். பாறை மலை ராத்திரியிலும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். போன கோடையில் அவருக்கு மூன்று தட்டும் செத்துப்போயின. அவர் விடவில்லை, ஈரச்சாக்கு கட்டி மறுபடி ஆரம்பித்திருக்கிறார். காய்ந்த எடையில் பாதி புரதம் என்பதால் குஞ்சுக்கு அருமையான தீனிதான். ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இதையே முழுத் தீனியாகப் போட்டால் கால் வலுக்காது, முட்டை ஓடு மெலியும் என்று அவரே சொன்னார். கோழி வளர்ப்பில் இவ்வளவு நேர்மையாகப் பேசுபவரைப் பார்ப்பது அரிது.

“பக்கத்து வீட்டு அத்தையப் பாருங்க சார். அவங்க தட்டும் வாங்கல, தவிடும் வாங்கல” என்று அவர்தான் இங்கே கூட்டிவந்தார்.

அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பூக்கட்டும் வேலை. கொல்லையில் பதினோரு பெட்டைகள், ஒரு சேவல். பானை அவருடைய மாமியார் காலத்துப் பழக்கம். தமிழ்நாட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஊர்களில் தெரிந்த முறைதான். வேளாண் கையேடுகளிலும் ஏறியிருக்கிறது. வாய் உடைந்த பழைய மண்பானை. அதற்குள் கிழிந்த கோணி, காய்ந்த சாணி, இற்றுப்போன ஓலை, தென்னை மட்டைத் துண்டு. தண்ணீரைத் தெளித்து, சாயங்காலம் செம்மண் தரையில் கவிழ்த்துவிட்டால் விடிவதற்குள் ஏறிவிடும். கரையானுக்கு வெளிச்சமும் உலர்காற்றும் ஆகாது. ஈரம், இருட்டு, நார் மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் மண்ணுக்குள்ளிருந்தே வழிபோட்டு வந்துசேரும்.

“தண்ணி எவ்வளவும்மா தெளிக்கணும்?” என்று கேட்டேன்.

“சொட்டக் கூடாது, காயவும் கூடாது. புழிஞ்ச துணி மாதிரி இருக்கணும் தம்பி.”

நனைத்த சாணியை ஒரு பிடி என் கையில் வைத்து அழுத்தச் சொன்னார். விரலிடுக்கில் ஈரம் கசிந்தது, சொட்டவில்லை. மறுநாள் மாடியில், மீல்வார்ம் தட்டின் தவிட்டையும் அந்த இளைஞர் இதே மாதிரி பிடித்துப் பார்த்தார். அங்கே கையில் ஈரமே ஒட்டக் கூடாது, ஒட்டினால் பூஞ்சணம்.

கொல்லையின் மூலையில் இடுப்புயரப் புற்று ஒன்று நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் ஒரு அகல். அதைத் தோண்டினால் மாதக் கணக்குக்குத் தீனி கிடைக்காதா என்று கேட்டதற்கு அந்த அம்மாவின் முகமே மாறிவிட்டது. அது நாகாத்தா வீடு. பக்தி அப்படித் தடுக்கிறது. கணக்கும் அதற்கு ஒத்துப்போகிறது. பானைக்கு வருபவை இரை தேடி வெளியே வரும் வேலைக்காரக் கரையான்கள். ராணி புற்றின் ஆழத்தில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். புற்றை உடைத்தால் ஒருநாள் விருந்து. விட்டுவைத்தால் மழைக்கு மழை பானை நிறையும்.

தமிழ்க் கையேடுகளில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும்: கரையானில் புரதம் 36 சதவீதம், கொழுப்பு 44.4 சதவீதம். காங்கோ நாட்டுச் சந்தையில் விற்ற வறுத்த ஈசலை அளந்த பழைய கணக்கோடு இது அப்படியே பொருந்துகிறது. ஈசல் பறப்பதற்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும். பானைக்கு வரும் வேலைக்காரக் கரையானில் அவ்வளவு கொழுப்பு கிடையாது. குஞ்சுக்கு அதுவே நல்லது. இறகும் சதையும் வைக்கிற முதல் வாரங்களில் அதற்கு வேண்டியது புரதம்.

அந்தப் புரதத்துக்குத்தான் உலகம் அல்லாடுகிறது. 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறி, கோழிப் பண்ணைகள் தவித்தபோது 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. அடுத்த மாதமே, செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியம் கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதம் போடலாம் என்று வழிவிட்டது. மஞ்சள் புழுவும் அதில் அடக்கம். ஐரோப்பா சட்டம் போட்டு வந்துசேர்ந்த இடத்தில் இந்த அம்மாவின் மாமியார் பானையோடு ஏற்கெனவே இருந்திருக்கிறார்.

இந்த ஊருக்குப் பூச்சியோடு இன்னொரு உறவும் உண்டு. 1896-ல் மதுரையிலிருந்து வந்த 16 வயது வேங்கடராமன், பெரிய கோயிலின் பாதாள லிங்கக் குழியில் தன்னை மறந்து உட்கார்ந்திருக்க, பூச்சிகள் அவர் தொடையை அரித்துப் புண்ணாக்கின. பின்னாளில் அவர் ரமணரானார். மலையில் ஒருமுறை தெரியாமல் குளவிக்கூட்டில் கால் பட்டுவிட, தவறு செய்த கால்தானே என்று கொட்டி முடிக்கும்வரை நகராமல் நின்றார். அந்த அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, முறத்தில் மிச்சமிருந்த கரையானைக் கோழிக்குப் போடாமல் புற்றின் அடியில் கொண்டுபோய் உதறினார். “வயிறு நிறைஞ்சப்புறம் எதுக்கு?” என்றார்.

விற்கும் இடத்துக்கு வந்தால்தான் நெஞ்சு எரிகிறது. நாட்டுக்கோழி ஒன்றேகால் கிலோ வர நாலைந்து மாதம் பிடிக்கும். அதனால் ஆனியில் பொரிக்க வைக்கிறார். மழையில் கரையானும் கிடைக்கும், தீபாவளிக்குக் கோழியும் தயார். இடையில் புரட்டாசி. ஊரே கறியைத் தொடாத அந்த மாதத்தில், கைமாற்றுக் கடன் நெருக்கும் வேளை பார்த்து வியாபாரி வண்டியை நிறுத்துகிறார். தராசு கிடையாது. காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, “முக்கால்தான் தேறும்” என்கிறார். கடையில் அதே கோழி கிராம் கணக்கில் விலைபோகிறது. எடைபோடாமல் எடை சொல்வதற்குப் பெயர் வியாபாரம் அல்ல.

மாடி வீட்டு இளைஞரையும் ஒருவர் தேடிவந்தார்: முன்பணம் கட்டினால் தாய்வண்டு தருவோம், புழுவை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்ட பணத்தை இழந்தவர்களின் கதை தெரிந்ததால் இவர் தப்பினார். இப்போது செய்திருப்பது சின்ன வேலை: ஒரு கொக்கித் தராசு வாங்கி அத்தை வீட்டு வாசல் நிலையில் மாட்டியிருக்கிறார். இந்தத் தீபாவளிக்குக் கோழி அதில் தொங்கிய பிறகுதான் கைமாறும்.

சாயங்காலம் பானையை மறுபடி நிரப்பினார். நேற்று வைத்த இடத்தில் இல்லை. முருங்கை மரத்தடிக்கு மாற்றினார். ஒரே இடத்தில் தொடர்ந்து வைத்தால் வரத்துக் குறையுமாம். கவிழ்த்ததும், ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பானை மேல் வைத்தார்.

“இது எதுக்கும்மா?”

அவர் ஆசிரமப் பக்கம் கையைக் காட்டினார். மதில்மேல் இரண்டு மயில்கள் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தன.