கலப்பைக் கிழங்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

செவ்வாய்ப்பேட்டைக்காரனுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் நியாயமும் உண்டு. லீ பஜாரில் மூட்டை இறங்கும் சத்தத்தில் கண் விழிப்பவன் நான். அப்பா அங்கே மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலை செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. ஆனால் அம்மாவைப் பெற்ற தாத்தா சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஐம்பது ஆண்டு ஆடு மேய்த்தவர். முதலாண்டில் ஒருவன் கேட்டபோது, "தாத்தா விவசாயம்" என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

அந்த வெட்கம் உடைந்தது ஒரு வகுப்பில். எங்கள் ஆசிரியர் பாடத்தை விட்டு விலகி இருளர்களைப் பற்றிப் பேசினார். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்று பிழைப்பிழந்த அம்மக்கள், 1978-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து மருந்துக்குக் கொடுத்தார்கள். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை, முதல் இரண்டு வாரத்திற்குள் 13 பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கற்றுத் தந்ததல்ல அந்த வித்தை. மண்ணில் கிடக்கும் தடத்தைப் படிக்கும் வித்தை அது. அன்று மாலையே நான் அடிவாரத்துக்குப் பேருந்து ஏறினேன்.

"என்ன கண்ணு, பரீட்சை இல்லையா?" என்றார் தாத்தா. விஷயத்தைச் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் எனக்கு அதுதான் வகுப்பு. உடைந்த அரிவாள் துண்டால் வெங்கச்சங்கல்லில் தட்டி, கருக்கிய இலவம்பஞ்சில் பொறியை ஏந்துவார். மூன்றே தட்டு; பஞ்சு கனியும். எனக்கோ விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். வறண்ட ஓடையில், வளைவின் வெளிப்புறமாக, நீர்மருது நிற்கும் இடமாகப் பார்த்து மணலைத் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்தில் ஈரம். கால்மணி நேரத்தில் ஊற்று. அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க விடமாட்டார். ஆவாரம் மிளாறை முறுக்கி விறகு கட்டவும் கற்றுக்கொண்டேன். (அக்கட்டு வீடு வந்து சேருமுன் அவிழ்ந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை.)

நான்கு மாதம் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்ற மாசியில் வகுப்பு நண்பர்கள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு போனேன். தாத்தா வருமுன்பே ஓடை மணலில் தீ மூட்டினேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. கரை ஓரம் காய்ந்த கொடி ஒன்றைக் கண்டு தோண்டினேன், கிழங்கு வந்தது. "காட்டு வள்ளி, சுட்டுத் தின்னலாம்" என்று அறிவித்துத் தணலில் வைத்தேன்.

தாத்தாவுக்கு இப்போது கண்ணில் புரை. கோலூன்றி மெள்ள வந்தார். "என்ன சுடறீங்க?" என்றவர், மீதமிருந்த கிழங்கைக் கையில் வாங்கித் தடவினார். இரண்டாகக் கிளைத்து, கலப்பைபோல் வளைந்த கிழங்கு. மறுகணம் கோலால் தணலைக் கிளறி, வெந்துகொண்டிருந்ததைத் தூர எறிந்தார். "எல்லாரும் கையைக் கழுவுங்க" என்ற குரல் நடுங்கிற்று.

அது செங்காந்தள், நம் மாநில மலர்! கொடியோரம் வெடித்த காயொன்றும் கிடந்தது, சிவப்பு விதைகளுடன். நான் அதைப் பார்க்கவே இல்லை. நண்பர்களே, அக்கிழங்கிலுள்ள கோல்கிசின் செல் பிரிவதையே நிறுத்திவிடும். மூலனூர்ப் பக்கம் மருந்துக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அந்தக் கோல்கிசினைப் பற்றி உள்தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்! இலை பசுமையாக இருந்திருந்தால், அதன் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதைக் கண்டு நானும் பெயர் சொல்லியிருப்பேன். மாசியில் இலை ஏது?

திரும்பும் பேருந்தில் யாரும் பேசவில்லை. என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டு வந்தவனின் அம்மா எனக்கு எத்தனையோ முறை சோறு போட்டவள். அந்த நினைப்பு வந்ததும் எனக்குக் கைகால் உதறியது.

அடுத்த ஞாயிறு இருவர் மட்டும் என்னுடன் வந்தார்கள். தாத்தா ஏசவில்லை. என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, ஏழு கிழங்குகளை ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார். ஐந்தின் பெயரைச் சரியாகச் சொன்னேன்.

"பரவாயில்லை கண்ணு" என்றார். "நீ தப்பாச் சொன்ன ரெண்டும்தான் ஆளைக் கொல்றது. மறுபடி பிடி."